சாப்பாட்டு மேசையில் ஓசிலோஸ்கோப்

"இஞ்சேருங்க, இந்தச் சாமான் மேசைய விட்டு எப்ப எழும்பும்? ஞாயிற்றுக்கிழமையில இருந்து மடியில வச்சுச் சாப்பிடுறம்," என்றாள் மாக்கிரட், புட்டுக் கோப்பையை ஏந்திக்கொண்டு.

அருமைராசாவுக்குக் காது கேட்கவில்லை. மேசையில் மூடி கழற்றிக் கிடந்த கருவிக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே தெரிந்தது வழுக்கை மட்டும்தான்.

"உங்களைத்தான்!"

"மாக்கிரட், ஒருக்கா இஞ்ச வந்து பார். கை மட்டும் வைக்காத. நிப்பாட்டின பிறகும் அந்தத் திரைக் குழாயடியில கரண்ட் நிக்கும். ஆளைத் தூக்கி எறிஞ்சிரும்."

"நேத்தும் காட்டினீங்க."

"நேத்துக் காட்டினது அந்தப் பக்கம். இது மற்றப் பக்கம்!"

மற்றப் பக்கமும் அதிசயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பச்சைப் பலகைக்குப் பின்னால் பச்சைப் பலகை, அதன்மேல் வரிசை குலையாமல் குந்தியிருக்கும் கறுப்புச் சில்லுகள், தலை வாரிப் பின்னி விட்டதுபோல வயர்கள். எண்பதுகளில் செய்த டிஜிட்டல் ஓசிலோஸ்கோப். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதல்லவா? அது எப்படித் துள்ளுகிறது, எப்படி நெளிகிறது என்று பிடித்து, ஞாபகத்தில் வைத்து, திரையில் பச்சைக் கோடாக எழுதிக் காட்டுகிற கருவி அது.

இப்போது எழுத மறுத்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி கிறீச்சிடும். பிறகு கருவி தன்னைத்தானே பரிசோதிக்கும். கடைசியில், பரிசோதனையில் தோற்றுவிட்டேன் என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மரம்போல நிற்கும். தன் பிழையைத் தானே எழுதிக் கொடுக்கிற அந்த நேர்மையை நினைத்தாலே அருமைராசாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மொன்றியலில் அவர் குடியிருந்த கார்ட்டியர்வில் பகுதி முழுக்கச் சல்லடை போட்டாலும் மனுஷரில் அப்படி ஓர் ஆள் அகப்படாது.

ஆனால் கருவியைவிட அவரை உலுக்கியது அது வந்த விதம்.

அருமைராசா பகலில் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியனின் மரக்கறிக் கடைக்குப் பெட்டி இறக்குபவர். மிச்ச நேரமெல்லாம் பழுது பார்ப்பவர். தெரிந்த சனத்தின் மிக்ஸி, ரைஸ் குக்கர், கசெற் ரேடியோ எல்லாம் அவரிடம் வந்தன. வந்தவை 'பாட்ஸ் வரவேணும்' என்ற நிலையில் அலுமாரிக்குள் இருந்தன. சனம் கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்பதை விட்டுவிட்டது. தன்மேல் வைத்த நம்பிக்கை என்று அருமைராசா அதை எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரின் மூன்றாம் மாடிக்கு, பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை, மூச்சு வாங்க, இந்தப் பாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி வந்தவர் யார்? பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன்! நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிற சென்னைக்காரர். பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க எலெக்ட்ரோனிக்ஸ் படிப்பித்தவர்.

"என் லேப்ல நான் வாங்கின முதல் பெரிய ஐட்டம் இது, அருமைராசா. என் ரிசர்ச் மொத்தமும் இதுல பொறந்ததுதான். யூனிவர்சிட்டில தூக்கிப் போட்டாங்க, நான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து பெட்ரூம்ல வச்சிருக்கேன். வர்ற சனிக்கிழமை எனக்கு ரிடயர்மென்ட் பார்ட்டி. எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு தடவை இது ஓடிப் பாக்கணும்."

"சேர், உங்கட இடத்தில பெரிய பெரிய ஆக்கள் இருப்பாங்களே..." என்றார் அருமைராசா.

"இருக்காங்க. ஆனா எங்க வீட்ல சரளா ஒத்தக்கால்ல நின்னுட்டா. குடுத்தா அருமைராசாகிட்டதான் குடுக்கணும், வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னுட்டா."

சரளா அக்கா! கோயிலில் கண்டால் தலையசைத்துவிட்டுப் போகிற பெரிய இடத்து மனுஷி. அவர் வாயில் தன் பெயரா? அன்று முழுக்க அருமைராசாவின் கால் தரையில் படவில்லை. மொன்றியலுக்கு வந்த நாள்தொட்டு அவரை இப்படி ஒருவரும் தேடி வந்ததில்லை. இதைச் செய்து கொடுத்தால் அவர் ஓர் ஆள். செய்யாவிட்டால் காலமெல்லாம் பெட்டி இறக்குகிறவர்தான். அவ்வளவுதான் கணக்கு.

முதலில் விசிறியின் கிறீச்சை நிப்பாட்ட நினைத்தார். சத்தம் நின்றால்தானே யோசிக்கலாம். தையல் மெசின் எண்ணெய் முடிந்திருந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தார், அது குளிருக்குக் கட்டியாகக் கிடந்தது, ஹீட்டரில் வைத்து இளக்கித் தாராளமாக விட்டார்.

விசிறி மூச்சுக் காட்டாமல் சுற்றியது. மாக்கிரட்கூடக் கைதட்டினாள்.

"பாத்தியா? இதுதான் கைப்பக்குவம்!"

சொல்லி வாய் மூடவில்லை, விசிறி தான் குடித்த எண்ணெயை நாலாபக்கமும் வீசியடித்தது. பலகையெல்லாம் மினுங்கியது. அருமைராசாவின் மூக்குக் கண்ணாடியும் மினுங்கியது. தோற்றுவிட்டேன் என்று எழுதிக் கொண்டிருந்த கருவி இப்போது அதைக்கூட எழுதவில்லை.

"தலைக்கு எண்ணெய் வச்சாச்சு. இனி முழுக வாக்க வேண்டியதுதான்," என்றாள் மாக்கிரட்.

"பகிடி விடாத. வாக்குவம் கிளீனரை எடு."

வாக்குவம் கிளீனர் எண்ணெயை இழுக்கவில்லை. தூசியைக் கொண்டுபோய் எண்ணெயில் ஒட்டியது. ஒட்டியதோடு விட்டதா? முன்பக்கத்துச் சின்னப் பொத்தான் ஒன்றை 'லபக்'கென்று விழுங்கியது. ஓடிப்போய்க் கடையில் வாங்க அது என்ன சட்டைப் பொத்தானா? அருமைராசா வாக்குவம் பையை நிலத்தில் கொட்டி, கோழி கிளறுவதுபோலக் கிளறினார். வீடு முழுக்கப் புழுதி பறந்தது. கடைசியில் பொத்தானும் அகப்பட்டது, கூடவே தோட்டின் பின்திருகுச் சுரை ஒன்றும் அகப்பட்டது.

"ஐயோ, என்ர சுரை! போன நத்தார்ப் பண்டிகைக்குக் காணாமப் போனது. நான் உங்கட தங்கச்சிதான்..." மாக்கிரட் சட்டென்று நாக்கைக் கடித்தாள்.

"என்ர தங்கச்சிதான்?"

"ஒண்டுமில்ல. வெள்ளிக்கிழமை கௌசலா வாறாள்தானே. நல்லாக் கவனிக்க வேணும், பாவம்."

வியாழக்கிழமை அருமைராசா ஒரு முடிவுக்கு வந்தார். நடுப்பலகைதான் கருவியின் மூளை. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அதில் களியாகியிருந்தன. கழற்றி எடுத்து, குசினித் தொட்டியில் கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தால், பழைய பல்லுத் தூரிகை கொண்டு கழுவினார்.

மாக்கிரட் நெஞ்சில் கை வைத்தாள். "கரண்டுச் சாமானைத் தண்ணியிலயா?"

"கம்பனிக்காரரே கழுவிறவங்களாம். நல்லாக் காய்ஞ்சாச் சரி."

எங்கே காய வைப்பது? ஜன்னலடியில் பனிக்குளிர். மேசையில் புழுதி. கை படாத, தூசி படாத, ஈரமில்லாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓவன்!

தமிழ் வீட்டு ஓவனைப்பற்றிச் சொல்லித் தெரிய வேணுமா? குடிவந்த நாள்முதல் அதை ஒருவரும் மூட்டியதில்லை. அது சட்டி அலுமாரி. பெரிய சோற்றுப் பானைக்கும் தோசைச் சட்டிக்கும் நடுவே, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலப் பலகையைக் கிடத்திவிட்டு அருமைராசா கதவைச் சாத்தினார். மாக்கிரட்டும் தலையாட்டினாள். அதைவிடப் பத்திரமான இடம் இருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை கௌசலா ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே கேக்கும், உள்ளே கறி வைத்த பட்டிஸும் செய்து விற்கிறவள். அவள் வீட்டு ஓவனுக்குள் தின்கிற சாமானைத் தவிர வேறொன்றும் போனதில்லை. அருமைராசா வேலை முடிந்து இன்னும் வரவில்லை, மாக்கிரட் குளியலறையில் இருந்தாள். நாளைக்குப் பெரிய மனுஷர் வீட்டுப் பார்ட்டி, அண்ணை வெறுங்கையோடு போவதா என்று கௌசலாவுக்குப் பாசம் பொங்கியது. மாவைப் பிசைய முதல் ஓவனைச் சூடாக்க வேணுமே. திறந்து பாராமல் நானூறு டிகிரியில் முறுக்கிவிட்டாள்.

அருமைராசா பஸ்ஸால் இறங்கி மாடிப்படி ஏறும்போதே கருகின மணம் மூக்கில் அடித்தது. பனிச் சப்பாத்தோடு குசினிக்குள் பாய்ந்து ஓவன் கதவைத் திறந்தார். புகை முகத்தில் அப்பியது. தோசைச் சட்டியின் கைபிடி உருகி நாக்குத் தள்ளிக்கொண்டு தொங்கியது. அதற்குப் பக்கத்தில் நடுப்பலகை.

"ஐயோ! ஐயோ!"

"அண்ணை, ஓவனுக்குள்ள ஆராவது ரேடியோவைக் கொண்டுபோய் வைப்பாங்களா?" கௌசலா கத்தினாள்.

"ஓவனை ஆராவது பத்த வைப்பாங்களா?" அருமைராசா அதைவிடக் கத்தினார்.

துணியால் பிடித்துப் பலகையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். பலகை மெல்லமெல்ல ஆறியது. ஈரத்தலையோடு வந்த மாக்கிரட் பகிடி விட வாயெடுத்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் விடவில்லை.

"எத்தினை பேர் இருக்க, அந்த மனுஷி என்ர பேரைச் சொன்னவ, மாக்கிரட்," என்றார் அருமைராசா. கண் கலங்கிவிட்டது. "நான் எந்த முகத்தோட போவன்?"

மாக்கிரட் அவர் தோளில் கை வைத்தாள். "சரி, விடுங்க. எல்லாத்தையும் பூட்டி, துடைச்சு, மரியாதையாக் கொண்டுபோய்க் குடுப்பம். உள்ளதைச் சொல்லுவம். தலையைச் சீவவா போறாங்க?"

பூட்டினார். மனமே இல்லாமல் ஒவ்வொரு திருகாணியாகப் பூட்டினார். கொடுக்கமுதல் ஒருக்காப் போட்டுப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மாக்கிரட்டும் கௌசலாவும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க, சுவிட்சைத் தட்டினார்.

விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே கிடந்தது. பிறகு எழுத்துக்கள் வந்தன. கருவி தன்னைத்தானே சோதித்தது, ஒவ்வொன்றாகச் சோதித்தது, மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எழுத்தெல்லாம் மறைந்தது. திரையின் நடுவில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, நடுங்காமல், ஒரு பச்சைக் கோடு.

மாக்கிரட் சிலுவை போட்டாள். சிவபக்தையான கௌசலாவும் எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருந்த ஓர் ஈய ஒட்டு அந்தச் சூட்டில் இளகி மறுபடி ஒட்டியிருக்க வேணும். அருமைராசாவுக்கு அது விளங்கியது.

கருவியோடு வந்த வயரின் முனையைப் பிடித்து, ஆட்காட்டி விரலால் தொட்டார். நேராகக் கிடந்த கோடு எழும்பி அலை அலையாக நெளிந்தது.

"என்ன அது?" மாக்கிரட் கிட்ட வந்தாள்.

"இந்த வீட்டுச் சுவருக்குள்ள ஓடுற கரண்ட். வயரைத் தொடாமலே எங்கட உடம்புக்குள்ளால வருது. எப்பவும் வந்துகொண்டுதான் இருக்கு. எங்களுக்குத்தான் தெரியிறேல்ல."

மாக்கிரட் பயந்து பயந்து விரலை வைத்தாள். அவளுக்கும் அலை வந்தது. கௌசலா வைத்தாள், அவளுக்கும் வந்தது. பட்டிஸ் மாவு காய்ந்து போகும்வரை மூன்று பேரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் இப்படியொரு அலைக்குள்தானா நடந்து திரிந்தோம் என்று அருமைராசா மலைத்துப்போனார்.

சனிக்கிழமை பேராசிரியர் வீடு நிறைய ஆட்கள். அருமைராசா கோட்டுப் போட்டிருந்தார். ஆனந்தகிருஷ்ணன் சுவிட்சைத் தட்டினார், கோடு வந்தது, கோட்டும் டையுமாய் நின்ற பெரிய பெரிய ஆட்களெல்லாம் சின்னப் பிள்ளைகள்போலக் கூட்டம் கூடிக் கைதட்டினார்கள்.

"என்ன பண்ணினீங்க, அருமைராசா?" பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன ஒரு ஒட்டுப் பிழை, சேர். கொஞ்சம் சூடு காட்டினன்," என்றார் அருமைராசா. மாக்கிரட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"இனிமே இது பெட்ரூமுக்குப் போகாது! இந்த ஹால்லதான், நட்ட நடுவுல!" ஆனந்தகிருஷ்ணன் சபைக்கு அறிவித்தார். "லேப்ல இன்னும் ரெண்டு செத்துக் கிடக்கு. அதையும் கொண்டு வந்துடறேன். நமக்குத்தான் அருமைராசா இருக்காரே!"

மறுபடியும் கைதட்டு. வந்த நாள்தொட்டு இந்த நாட்டில் பட்டதெல்லாம் அந்தக் கைதட்டில் கரைந்து போனது. அருமைராசா கோட்டைச் சரிசெய்துகொண்டு, நன்றி சொல்ல வேண்டிய ஆளைத் தேடிக் குசினிக்குப் போனார். சரளா கேசரித் தட்டைப் பிடித்தபடி, கதவிடுக்கால் ஹாலைப் பார்த்துக்கொண்டு சிலைபோல நின்றிருந்தார்.

"அக்கா, எத்தினையோ கெட்டிக்காரர் இருக்க, என்னை நம்பி என்ர பேரைச் சொன்னீங்களே, அதைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டன்."

சரளா மெல்லத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்ககிட்ட குடுத்த சாமான் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லைன்னு கோயில்ல அத்தனை பேரும் அடிச்சுச் சொன்னாங்களே, அருமைராசா... அதை நம்பித்தானே உங்க பேரைச் சொன்னேன்!"