சிறுமலைக்கு ஒத்திகை

மாமனாரை உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று, பாரூக் கல்யாண மண்டபத்துப் படியில் மூச்சு வாங்க நின்றிருந்தார். சாப்பாடு மாடியில். சாப்பிட்டு முடித்த மாமனார் ஏப்பத்தோடு இறங்கி வந்து சொன்னார்:

"மாப்ளே, நீங்க சிறுமலை ஏறணும்னா மலைதான் கீழ எறங்கி வரணும்."

மறுமாதம் அவர் மவுத்தாகிவிட்டார். கேலி மட்டும் பாரூக்கிடம் தங்கிவிட்டது. உடனே ஒரு சபதம் போட்டார். கூட்டாளி அருளப்பனோடு மூன்று நாள் சிறுமலை. தன் சாப்பாட்டைத் தன் முதுகிலேயே சுமப்பது. மச்சினன்மார் அத்தனை பேரிடமும் சொல்லியும்விட்டார்.

செல்போனைப் பார்த்துச் சாப்பாடு முடிவானது. அவல், பேரீச்சை, கடலை மிட்டாய். எடை குறைவு, தெம்பு அதிகம்.

"இம்புட்டு அவலு போதுமா மச்சான்?" என்றாள் மனைவி இஃப்பத்.

"ஒரு ஆளு மலையேற எம்புட்டுத் தெம்பு வேணும்னு கணக்கு இருக்கு."

"அது ஊரான் ஒடம்புக்கு. ஒங்க ஒடம்புக்கு? சுமந்து ஏறி, அதையே தின்னு பாத்தாத்தான தெரியும்?"

நியாயமாகத்தான் பட்டது. இஃப்பத் பிரியாணி மசாலா அரைத்து விற்பவள். மல்லி மூட்டைகள் காலையில் மொட்டை மாடிக்குக் காயப் போக வேண்டும், சாயங்காலம் இறங்க வேண்டும். தூக்குகிற ஆள் வேலையை விட்டு நின்றிருந்தார்.

ஒத்திகைக்காகப் பாரூக் மல்லி மூட்டையை முதுகில் கட்டி மூன்று மாடி ஏறினார். மாடிக்கு ஒரு பேரீச்சை. இறங்கினால் கடலை மிட்டாய். மதியம் ஊறிய அவல். கறி வேகும் வாசம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் வாரம், திண்டுக்கல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் மலை எதற்கு என்று நொந்துகொண்டார். பின்வாங்கினால் மச்சினன்மார் சும்மா விடுவார்களா?

கிளம்புவதற்கு முந்தின நாள் அருளப்பனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கப்பா?"

"எங்க போறது? காட்டுத் தீ பயம்னு பாதைய மூடிட்டாங்க. போன வாரமே ஒன் வீட்டுல சொன்னேனே!"

பாரூக்குக்கு முதுகே லேசாகிவிட்டது. இனி ஏறாததற்கு அரசாங்கம் பொறுப்பு! முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்திகைய விட்ருவீகளே மச்சான்."

கோபப்படத்தான் நினைத்தார். அதற்குள் தட்டில் பிரியாணி விழுந்தது, மேலே ஒரு நல்லி எலும்பு. கோபம் அடுத்த வேளைக்குத் தள்ளிப்போனது.

"நல்லா சாப்டுங்க," என்றாள் இஃப்பத்.

மாடியில் இன்னும் நாலு மூட்டை மல்லி இறங்காமல் இருந்தது.