பதினொரு நாரைக்கூடு

"மனையில மரம் ஒன்னுன்னு எழுதியிருக்கீங்க. மரத்துல என்ன இருக்குன்னு எழுதலையேண்ணே?" என்றான் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் காசிநாதன்.

இளையபெருமாளுக்குச் சுருக்கென்றது. அரியலூர் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் அவர். வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நிற்க, வீடு கட்ட அனுமதி கேட்டு உள்ளே ஓடி வந்திருந்தார்.

"புளியமரத்துல புளிதான் இருக்கும் தம்பி."

"நாரை கூடு கட்டியிருக்குன்னு கேள்விப்பட்டேன். எத்தனை கூடுன்னு எண்ணி எழுதிக் குடுங்க."

எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை அது. கண்டக்டர் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சொந்த வேலையைப் பார்த்தால், பயணிகள் கோபப்படாமல் "போன காரியம் என்னாச்சு?" என்று விசாரித்த காலம். தை பிறந்ததும் மரத்தை வெட்டி அஸ்திவாரம் தோண்டுவது அவர் திட்டம். பள்ளிக்கூட டீச்சரான மனைவி ஜானகி, "பாவங்க, கூடு இருக்கு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் மரத்தடியில் அண்ணாந்து நின்று எண்ணினார். பதினொரு கூடு. காக்கிச்சட்டை முழுக்க எச்சம்.

"என்னய்யா, சட்டைக்கு வெள்ளையடிச்சிருக்க?" என்றார் டிப்போவில் செக்கிங் இன்ஸ்பெக்டர்.

காசிநாதன் தாளைப் பார்த்தான். "முட்டையா, குஞ்சாண்ணே?"

"கீழ நின்னு எப்படித் தெரியும்?"

"ஏறிப் பாருங்க."

ஏறினார். தாய் நாரை மண்டையில் ஒரு போடு போட்டது. கட்டுப்போட்ட தலையோடு வந்து, "முட்டை. இருபத்தாறு" என்றார்.

"பொரிஞ்சதும் மறுபடி எண்ணணும்ணே."

மரத்தையே விட்டுவிட்டால் வம்பில்லை என்று, வீட்டைக் கிழக்கே தள்ளிப் புது பிளான் போட்டுக் கொண்டுவந்தார்.

"கிழக்கு வேலியோரம் கீரி வளை இருக்குமே?"

மேற்கே தள்ளினார். வாசற்படி ஓடைக்குள் போனது. சமையலறையைச் சுருக்கினார். அடுப்பு வைத்தால் ஆள் நிற்க முடியாது. ஆள் நின்றால் அடுப்பு வைக்க முடியாது.

இதற்குள் பஸ் முழுக்க விஷயம் பரவிவிட்டது. கூடையோடு ஏறும் பெரியம்மாள், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, "குஞ்சு பொரிஞ்சிருச்சா கண்டக்டரே?" என்பாள்.

"இருபத்திரண்டு!" என்பார் அவர், தன்னையறியாத பெருமையோடு.

ஒருநாள் மனைக்கு எதிரே பஸ் நின்றபோது, காக்கைகள் கூட்டை நெருங்குவதைப் பார்த்துவிட்டார். குதித்திறங்கி ஓடி, விசிலை ஊது ஊதென்று ஊதினார். காக்கைகள் பறந்தன. விசில் கேட்டு டிரைவரும் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மூன்று மைல் நடந்தார் இளையபெருமாள். அன்று அவருக்குக் கோபமே வரவில்லை.

பங்குனியில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஏரிப் பக்கம் பறந்தன. கடைசிக் குஞ்சும் போன அன்று, மரத்தடியில் அண்ணாந்து நின்று காலிக் கூடுகளை மறுபடி ஒருமுறை எண்ணினார். இனி இந்த மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்டுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தார்.

மறுநாள் ஆபீசில் காசிநாதன் இல்லை. பியூன் வைரக்கண்ணு பீரோவைத் திறந்து, ஒரு காகிதத்தைத் தூசி தட்டி நீட்டினார். வீடு கட்ட அனுமதி. இளையபெருமாள் தேதியை இரண்டு தரம் படித்தார்.

"என்னய்யா இது, நவம்பர்லயே கையெழுத்தாயிருக்கு?"

"ஆமாங்க, அப்பவே ரெடிங்க" என்றார் வைரக்கண்ணு. "அஞ்சாங்கிளாஸ் சொல்லிக்குடுத்த டீச்சரம்மாவே நேர்ல வந்து, 'கடைசிக் குஞ்சு பறக்குற வரைக்கும் எங்க வூட்டுக்காரர அலையவிடுடா காசி'ன்னா, அவரு மட்டும் என்னங்க பண்ணுவாரு?"