மூன்று வரி உபயம்

உதவி செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கேட்காமலே உதவ வருகிறவரைக்கூட ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். கேள்வியை வாசிக்காமல் உதவுகிறவர்தான் ஆபத்தானவர். இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த ஆள் நான்தான்.

பி.எச்.பி. என்ற கணினி மொழியில் இணையத்தளம் செய்வது என் தொழில். வேலணைத் தீவில், சரவணையில், வீட்டில் இருந்தபடியே கொழும்பு நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறேன். சம்பளம் அங்கே. புகழ் வேறிடத்தில். ஒரே பிரேம்வேர்க்கில் நிரல் எழுதும் தமிழர்கள் ஒருவரிடம் ஒருவர் சந்தேகம் கேட்கும் இணையக் குழுவொன்று இருக்கிறது. (பிரேம்வேர்க் என்பது அத்திவாரமும் தூணும் ஆயத்தமாக வரும் வீடு மாதிரி. சுவரையும் பிழைகளையும் நாங்கள் கட்டவேண்டும்.) அந்தக் குழுவில் நான் பெரிய மனிதன்.

"இதுகூடத் தெரியாமல் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்?" என்பது என் வணக்கம். "ஆவணத்தை வாசிக்கவும்" என்பது என் ஆசீர்வாதம். ஒவ்வொரு பதிலின் கீழும் 'சபேசன், சரவணை' என்று கையெழுத்து வைப்பேன். விருப்புக் குறிகள் வந்து குவியும். அவற்றை என் மனைவி சுகந்திக்குக் காட்டிய பிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

சுகந்தியும் இதே தொழிலைத் தானாகவே படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை என்னிடம் சந்தேகம் கேட்டாள். "இதுகூட" என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில். (பெயர் வேண்டாம், இன்னமும் அந்த வழியால்தான் கடைக்குப் போகவேண்டும்.) தாய் தகப்பனின் திதிக்கு அங்கே அன்னதானம் கொடுப்பது ஊர் வழக்கம். அதற்கு உபயம் என்று பெயர், கொடுப்பவர் உபயகாரர். (ஒரு ரியூப் லைற் கொடுத்தாலும் 'உபயம்' என்று பெயரைப் பெரிதாக எழுதுவோம், வெளிச்சம் மிச்ச இடத்தால் வரட்டும்.) திதிகள் எல்லாம் ஒரு கொப்பியில் இருந்தன. அதைக் கறையான் அரித்ததில் இரண்டு பேரின் திதி இல்லாமலே போய்விட்டது.

அதற்கு இணையத்தளம் செய்து தருவதாகச் சுகந்தி சொன்னாள். மாதப் பிறப்பன்று அந்த மாதத்துத் திதிகளுக்கான அறிவித்தல் அந்தந்தக் குடும்பத்தார் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகும். கோயில் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஒரு மாதம் பார்ப்போம், ஒரு பிழை வந்தாலும் பழையபடி கொப்பிதான் என்று சொல்லிவிட்டார். சுகந்திக்கு அது முதல் வேலை. இரண்டு மாதம் கணினி மேசையைவிட்டு எழும்பவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள், அனலைதீவில் மச்சானின் புது வீடு குடிபூரலுக்குப் போக ஊர்காவற்றுறையில் படகுக்கு நின்றேன். குழுவில் 'தீவான்' என்ற பெயரில் யாரோ நீளமாக, மிகப் பணிவாக ஒரு கேள்வி போட்டிருந்தார். அட்டவணையில் உள்ள பெயரை மின்னஞ்சலில் தானாக வரச் செய்வது எப்படி என்பது முதல் வரி. படகு கிளம்பப்போகிறது. மிச்சத்தை வாசிக்க மகான்களுக்கு நேரம் ஏது? மூன்று வரி நிரல் எழுதி, நான்காவது வரியில் "கேட்கமுன் ஆவணத்தை வாசிக்கப் பழகவும்" என்று போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டுப் படகில் ஏறினேன்.

இரண்டாம் பந்தியில் இது ஒரு கோயிலுக்கான வேலை என்றும், அட்டவணையில் உபயகாரர், இறந்தவர் என்று இரண்டு பெயர்கள் உண்டு, இறந்தவரின் பெயர்தான் வரவேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருந்ததாம். அதை வாசித்திருந்தால் என் வீட்டையே அடையாளம் கண்டிருப்பேன்.

ஆவணி முதலாம் திகதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மின்னஞ்சல்கள் போயின. அந்த மாதத்து உபயகாரர் முப்பது பேரும், சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தபடியே, அமரரானார்கள்.

அதில் ஒருவர் என் அப்பா. தாத்தாவின் திதிக்கு உபயகாரர். அவர் முற்றத்தில் பாயை விரித்து, வெயிலில் காயவைத்துப் பினாட்டுச் செய்யப் பனம்பழக் களி ஊற்றிக்கொண்டிருந்தபோது லண்டனிலிருந்து அத்தையின் அழைப்பு வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. அப்பாதான் எடுத்தார். எடுத்தது நான் என்று நினைத்து அத்தை அழுதிருக்கிறார்.

"ஐயோ, அண்ணை எப்ப மோசம் போனவர்? ஏன்ரா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? உன்ரை குரலும் அப்பிடியே கொப்பற்றை குரலா இருக்கு."

அப்பா திருத்தவில்லை. கையில் பனங்களியோடு கால் மணித்தியாலம் தன் அருமை பெருமைகளைக் கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்தது பாரிஸிலிருந்து சித்தப்பா. வேலிச் சண்டையில் எட்டு வருசம் அப்பாவோடு பேசாதவர். அழுதழுது, அந்த வேலி அண்ணையின் பக்கமே இருக்கட்டும், நான் பாவி என்றாராம்.

"நான் அவரிட்டைச் சொல்லிவிடுறன்" என்றார் அப்பா.

அப்போதுதான் கோயில் தலைவரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவரும் முப்பதில் ஒருவர். ஜேர்மனியில் பேத்தி அழுதழுது விமானச் சீட்டே எடுத்துவிட்டாளாம். விறாந்தைக் கதிரையில் இருந்து தொலைபேசியை நீட்டினார். 'அமரர்' என்று அவர் பெயர், வெள்ளிக்கிழமை அன்னதானம், குடும்பத்தார் கலந்துகொள்ளவும் என்று கிடந்தது.

நான் உள்ளே பாய்ந்தேன். சுகந்தி மேசையில் வெளிறிப்போய் இருந்தாள்.

"எந்த மடையன்ரை வேலை இது?" என்று கத்தினேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். மூன்று வரி. உதவியவரின் பெயரை மறைக்கக்கூடாது என்ற நேர்மையில் மேலே குறிப்பும் வைத்திருந்தாள்: 'நன்றி: சபேசன், சரவணை'.

"நீரோ தீவான்?"

"ஓம். வீட்டிலை கேட்டால் ஏசுவியள். அங்கை எண்டால் எல்லாரையும் ஏசுறதுதானே, எனக்கெண்டு உறைக்காது."

"அனுப்பமுதல் ஒருக்காச் சரிபாக்கேல்லையோ?"

"மற்ற எல்லாத்தையும் பாத்தனான். இது நீங்கள் எழுதினது. சரியாத்தான் இருக்குமெண்டு விட்டிட்டன்."

என்னை அவள் நாலு பேச்சுப் பேசியிருக்கலாம். அது பரவாயில்லாமல் இருந்திருக்கும். பத்தடி தூரத்தில் புருசன் இருக்க, கள்ளப் பெயரில் ஊருலகத்திடம் கேட்கும்படி ஒருத்தியை வைத்திருந்தேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மாத உழைப்பை அந்தக் கறையான்கூட இவ்வளவு கெதியாகத் தின்றிருக்காது.

விறாந்தைக்கு வந்தேன். பிழை சுகந்தியுடையது அல்ல, அந்த வரிகளை எழுதியது நான், அதுவும் கேள்வியை வாசிக்காமல் எழுதினேன் என்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தைந்து வருசம் விடைத்தாள் திருத்தியவர்.

"அப்ப வினாவை வாசிக்காமல் விடை எழுதினீர்" என்றார்.

"ஓம், சேர்."

"கொப்பி வேண்டாம், பிள்ளையே செய்யட்டும். நீர் மட்டும் கோயில் விசயத்திலை கிட்டவும் வரக்கூடாது."

சுகந்தி இரண்டு நிமிடத்தில் திருத்தி, முப்பது குடும்பங்களுக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினாள். நான் குழுவில் என் பதிலின் கீழே இதைப் பின்பற்றவேண்டாம் என்று எழுதினேன். அந்தப் பதிலுக்கு இன்னமும் விருப்புக் குறி விழுகிறது. (என்னைப் போலவே வாசிக்கிறார்கள்.) வீட்டில் புட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் அபிப்பிராயம் சொன்னாலும், "கேள்வியை வாசிச்சியளோ?" என்ற குரல் குசினிக்குள்ளிருந்து வருகிறது.

அப்பா மட்டும் சுகந்தியிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"பிள்ளை, என்ரை பேரிலை வாறதை மட்டும் மாத்தாதையும். உயிரோடை இருக்கேக்கை ஆர் எடுத்து விசாரிக்கினம்?"

தாத்தாவின் திதிக்கு ஒழுங்கான அறிவித்தல் தனியே போகிறது. அதோடு ஒவ்வொரு ஆவணியும் அப்பாவை அமரராக்கி இன்னொன்று அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போகும். அவர்கள் உடனே அழைப்பெடுப்பார்கள். அமரர் தானே பேசி, தன் அன்னதானத்தில் பாயாசமும் உண்டு என்பார். சித்தப்பா வேலியைத் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்காகச் சுகந்தி என் மூன்று வரிகளையும் அழிக்காமல், அப்பாவுக்கு மட்டும் வேலை செய்யும்படி ஒதுக்கி வைத்திருக்கிறாள். இப்போது ஏழு கோயில்கள் அவளுடைய நிரலைப் பாவிக்கின்றன. திறந்து பார்க்கும் எவருக்கும் அந்த மூன்று வரிகளின் தலையில், கோயில் ரியூப் லைற்றில் இருப்பதுபோல, பெரிதாக ஒரு குறிப்புத் தெரியும்.

'உபயம்: சபேசன், சரவணை.'