இரண்டு இடக்கை புத்தர்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பட்டறையும் நலம். அடுப்படியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் வீட்டுக்காரி உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். நான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். காலண்டர் எதிரிலேயே தொங்குகிறது, கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

காரணத்தை அவள் சொல்லியிருப்பாள். அதில் பாதி பொய் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், ஏனென்றால் முழுவதும் உண்மை. ஒரு தியான மண்டபத்துக்குப் புத்தர் சிலை வேண்டும் என்று துறவி ஒருவர் பட்டறைக்கு வந்திருந்தார். பூமியைத் தொடும் புத்தர். 'இந்த இடத்தில் உட்கார உனக்கு என்ன யோக்கியதை, யார் சாட்சி' என்று மாரன் வந்து மிரட்டியபோது, புத்தர் பதிலுக்கு வாதாடாமல் வலக்கையைத் தாழ்த்திப் பூமியைத் தொட்டாராம், பூமியே சாட்சி சொன்னதாம். அதனால் அந்தச் சிலைக்கு வலக்கைதான் உயிர், இடக்கை மடியில் அமைதியாகக் கிடக்கும். ஏற்கெனவே நான் செய்து வைத்திருந்த ஒரு சிலையின் கையைத் துறவி நெடுநேரம் பார்த்துவிட்டு, யாரைப் பார்த்துச் செய்தது என்று கேட்டார். எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, "யாரையும் இல்லைங்க, கற்பனைல தானா வந்ததுதான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் டீயோடு அவள் நிற்கிறாள்.

மச்சான், முப்பது வருஷமாக நான் மெழுகில் சிலைக்குக் கை உருவம் பிடிக்கும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து, வலக்கையை முழங்கால்மேல் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பவள் அவள். கை அசையவே அசையாது, வாய் மட்டும் ஓயாது. அன்றைக்குத் துறவிக்கு டீயைக் கொடுத்தாள், எனக்குக் கொண்டுவந்ததை அவளே குடித்தாள். மறுநாள் காலை பெட்டியோடு வாசலில் நின்று, "இனிமே உங்க கற்பனையே சமைச்சுப் போடட்டும்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, ஒரு கைதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையை ஆரம்பித்தேன். முதலில் ரப்பர் கையுறையில் மணலை நிரப்பி முழங்கால்மேல் வைத்துப் பார்த்தேன், குளவி கொட்டிய கை மாதிரி இருந்தது. பால்காரரைக் கெஞ்சி உட்கார வைத்தேன். அவர் விரல்கள் எப்போதும் எதையோ பிடித்தபடியே இருக்கும் போல, புத்தர் பஸ்ஸிலிருந்து இறங்கப் போகிறவர் ஆகிவிட்டார். என் வலக்கையையே பார்த்துச் செய்யலாமென்றால், செய்வதே அந்தக் கைதான். கடைசியில் என் இடக்கையைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்து வலக்கையால் செய்தேன். கட்டைவிரலை மட்டும் கடைசியில் இந்தப் பக்கம் மாற்றிவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது, இறக்கப் போனவன் பால் பாத்திரத்தில் மெழுகையும் மெழுகுப் பாத்திரத்தில் பாலையும் ஊற்றித் தொலைத்துவிட்டேன், அதைக் கழுவி முடிப்பதற்குள் கட்டைவிரலைச் சுத்தமாக மறந்துபோனேன். மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, மண்ணை உடைத்து, அரம் போட்டுப் பளபளவென்று ஆக்கியும் எனக்குத் தெரியவில்லை. முகம் அப்படி ஒரு சாந்தமாக வந்திருந்தது, நான் அதையே பார்த்து மயங்கிக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் துறவி வந்தார். மெழுகு வாசனையடித்த டீயை முகம் சுளிக்காமல் குடித்தார், அப்போதே அவர் பெரிய ஞானி என்று எனக்கு விளங்கிவிட்டது. சிலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தன் கையை ஒருமுறை முழங்காலில் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டுமே இடக்கையா இருக்கே."

அவர் கோபப்படவில்லை. போன தடவை பார்த்த கை யாருடையது என்று மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "என் வீட்டுக்காரி கைங்க. இதுவரைக்கும் செஞ்ச எல்லாச் சிலைலயும் அவ கைதான்" என்றேன். அவர் சிலையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

ஆகவே மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். தவறான கையை அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் கை வார்த்து ஒட்ட வேண்டும். அதற்கு அவளுடைய வலக்கை ஒரு வாரத்துக்குத் தேவை. இது முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தப்பட்ட வேண்டுகோள், வேறு எந்த நோக்கமும் எனக்கில்லை. வேலை முடிந்ததும் விருப்பப்பட்டால் அவள் திரும்பி வந்து உங்களோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நூறு வயது சுகமாக இருக்கட்டும். உங்கள் முழங்காலை மாடிப்படியில் சோதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் துறவி போன் செய்தார். மண்டபத்தில் எல்லோரும் கூடிப் பேசி, புத்தர் காட்டிய எட்டு வழிகளுக்கு எட்டு ஆரக்கால் வைத்த ஒரு அறச்சக்கரம் போதும் என்று முடிவு செய்துவிட்டார்களாம். இரண்டு இடக்கை புத்தரை அறுக்கக் கூடாதாம், தன் அறையில் அவரே வைத்துக்கொள்கிறாராம். சக்கரத்துக்குக் கை கிடையாது மச்சான். அதனால் மேலே எழுதிய வேண்டுகோளுக்கு இப்போது காரணமே இல்லை. வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சோறு கூட இப்போது ஒழுங்காகவே வடிக்கிறேன். ஒரு காரணமும் இல்லை, அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. இதையும் பாருங்கள், அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். நான் வந்த பிறகு இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால், தயவுசெய்து பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.