கற்றகரி அண்ணையின் நிரந்தர யோசனை

தான் யார் என்று முடிவு செய்ய ஒரு முழுக் குளிர்காலத்தையும் எடுத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் எங்கள் வீட்டு சோபாவில் படுத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் நாதனும் கனடாவில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். நாதன் ரக்சி ஓட்டினான். நான் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். எங்கள் இருவருடைய கனடாக் கதையும் ஒன்றுதான்: ஓடி வந்தோம், அகதி என்று சொன்னோம், காத்திருந்தோம். மூன்றாவதாக வந்து சேர்ந்த அண்ணையின் கதை வேறு. அவர் டுபாயிலிருந்து முறைப்படி வேலை அனுமதியோடு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர். ஷெப்பேர்ட் வீதியில் ஒரு தமிழ் உணவகம் அவரைச் சமையல்காரராக அழைத்திருந்தது. மனைவியும் மகளும் கொழும்பில். அங்கே அப்போது பொலிஸ் பதிவும் சோதனையும் ஓயாத காலம். அனுமதி வைகாசியோடு முடிந்துவிடும். அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். எல்லோருக்கும் அது ஒரு விண்ணப்பம். அண்ணைக்கு அது ஒரு தத்துவம்.

அதைத் தொடங்கி வைத்தவர் ஃபின்ச் வீதியில் இருந்த குடிவரவு ஆலோசகர். துணைக்கு நானும் போயிருந்தேன். தொழில் திறமையை வைத்து வருபவர்களுக்குப் பல வாசல்கள் இருக்கின்றன என்று அவர் விளக்கினார். ஒரு தொழிலைச் சொல்லி உள்ளே வரலாம். படிப்பு, வயது, ஆங்கிலம், அந்தத் தொழிலுக்கு நாட்டில் உள்ள தேவை எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவார்கள். அல்லது கலைஞன், சொந்தத் தொழில்காரன் என்று இன்னொரு கற்றகரியில், அதாவது இன்னொரு பிரிவில், வரலாம். பணக்காரர்களுக்கு வேறொரு வாசல் உண்டு. அதை அவர் அண்ணையின் சப்பாத்தைப் பார்த்துவிட்டு விளக்காமலே விட்டார்.

"அண்ணைக்கு என்னென்ன தொழில் தெரியும்?"

"கொழும்பில படம் கீறினனான். கட்டட வரைபடம். அப்பாவின்ர கடையில தையல். டுபாயில முதல் வரைபடம், பிறகு ஹோட்டல் குசினியில சமையல். மிருதங்கமும் முறையாப் படிச்சனான்."

ஆலோசகர் பேனையை மூடினார். "குக் எண்டு போடுவம். குக்குக்குத்தான் இப்ப நல்ல புள்ளி. ரண்டு நாளில அனுப்பலாம்."

அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனி பெய்து கொண்டிருந்தது. "பேர்மனன்ற் எண்டா நிரந்தரம்தானே, தம்பி?"

"ஓம்."

"அப்ப நிரந்தரமா நான் குக்கோ?"

"இல்லை அண்ணை, உது உள்ள வாறதுக்கு மட்டும்தான். வந்தாப் பிறகு நீங்கள் என்னவும் செய்யலாம்."

"சொல்லிப்போட்டு வந்தா, சொன்னது சொன்னதுதானே," என்றார் அண்ணை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுறன்."

அந்த 'கொஞ்சம்' கார்த்திகையில் தொடங்கியது.

யோசிப்பது என்றால் உங்களையும் என்னையும் போல நாடியில் கைவைத்து யோசிப்பதில்லை. ஒவ்வொரு கற்றகரியாக உள்ளே புகுந்து வாழ்ந்து பார்ப்பார். முதலில் வரைபடக்காரராக வாழ்ந்தார். எங்கள் வீட்டை அளந்து ஒரு படம் கீறினார். அதன்படி குளிர்சாதனப் பெட்டி வரவேற்பறைக்கும், சோபா குசினி வாசலுக்கும் வந்தன. நாதன் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவன், வேறு வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். பிறகு தையல்காரர். நாதனுடைய குளிர்காலக் காற்சட்டைகள் எல்லாம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றன. "நீர் உயரம் எண்டு நினைச்சுப் போட்டன்" என்று நாதனிடம் சொன்னார். நீளமான காற்சட்டையை ஏன் வெட்டினார் என்று அதற்குப் பிறகும் எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு கலைஞர். மிருதங்கம் கொழும்பில் இருந்ததால் இடியப்பப் பானையில் சாதகம் நடந்தது. கீழ்வீட்டுச் சீனக் கிழவர் மேலே வந்து கதவைத் தட்டினார். சண்டைதான் என்று நான் பயந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து, ஒரு ஆவர்த்தனம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், தயவுசெய்து இனி வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

இந்தக் கூத்துகளுக்கு நடுவில் ஒரு வேளை உண்டு. பொழுது சாயும் நேரம். அண்ணை தேத்தண்ணீரோடு பல்கனிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பார். தூரத்தில் நெடுஞ்சாலையில் கார் விளக்குகள் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் ஊர்ந்துகொண்டிருக்கும். வானம் மங்கிய ஊதாவாகிப் பனியின் நிறத்தையும் மாற்றிவிடும். அந்த நேரத்தில் அவர் பேசினால் அவருடைய குரலும் அங்கே எங்கோ தொலைவிலிருந்து வருவது போல இருக்கும்.

"படம் கீறுற வாழ்க்கையில எங்களுக்கு யூனியன்வில்லில வீடு, தம்பி. சின்னக் குளம் ஒண்டு. என்ர மனுசி நீலக் கோட்டோட குளக்கரையில நடக்கிறா. பிள்ளை வாத்துக்குப் பாண் துண்டு பிச்சுப் போடுது."

"தையல்காரனா வந்தா?"

"அதில இவ மண்ணிறக் கோட். நான் தைச்சது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனா ஒண்டும் சொல்லமாட்டா."

"குக்கா வந்தா அண்ணை?"

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைப்பார். "அந்த வாழ்க்கையில பிள்ளையின்ர பள்ளிக்கூடப் பையிலும் வெங்காயம் மணக்குது" என்பார்.

நானும் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நிற்கப் பழகிக்கொண்டேன். பெட்டி அடுக்குகிறவனுக்கு ஒரு வாழ்க்கைதான் கிடைத்திருந்தது. அவரோடு நின்றால் எனக்கும் நாலைந்து கிடைத்தன.

மாசி வந்தது. பங்குனி போனது. உணவக முதலாளி கடையை விற்கப்போவதாகவும், அனுமதியை நீடிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். ஆலோசகர் தொலைபேசியில் கெஞ்சினார். "அண்ணை, கடவுளாணை, ஒண்டைச் சொல்லுங்கோ." அண்ணை சொல்லப் புறப்பட்டார். ஃபின்ச் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இருந்து, யோசனையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். கடைசித் தரிப்பிடத்தில் சாரதி உலுப்பி எழுப்பியபோது ஆலோசகரின் அலுவலகம் மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் முகம் கறுத்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்தார்.

"எனக்குப் பயமா இருக்குத் தம்பி. பிழையான ஆளைத் தெரிவு செய்து, அவனைக் கொண்டுபோய் மனுசிக்கு முன்னால விட்டிடுவனோ எண்டு."

அதுவரை நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "குக்குதான் அண்ணை. நாளைக்கு நானும் வாறன்," என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை நாங்கள் சப்பாத்துப் போடும்போது தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து அண்ணையின் மனைவி. நாங்கள் அவரை அக்கா என்போம். நாதன் புதிதாக வாங்கிய தொலைபேசியில் பேச்சு வீடு முழுக்கக் கேட்கும். அதை நிறுத்தும் வழி எங்களில் யாருக்கும் தெரியாது.

"இஞ்சருங்கோ, ஒரு விஷயம் சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"நான் இஞ்ச கனடா எம்பசியில விண்ணப்பம் போட்டனான். மார்கழியில. என்ர பேரில."

அண்ணை ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார். அக்கா ஒரு வங்கியில் கணினி நிரல் எழுதுகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும். கனடாவுக்கும் தெரியும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கனடா அப்போது கணினிக்காரர்களை வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்தது.

"உமக்குப் புள்ளி காணுமோ?"

"தேவைக்கு மிச்சமாம். நேற்று நேர்முகம் முடிஞ்சுது. சரி எண்டு சொல்லிப்போட்டினம். அது முடியட்டும் எண்டுதான் உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் கேள்விப்பட்டா அதையும் யோசிக்கத் தொடங்கியிருப்பியள்."

நாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவையோ?" என்றார் அண்ணை மெதுவாக.

"கேட்டவை. உங்கட மனுசன் என்ன செய்யிறார் எண்டு. யோசிக்கிறார் எண்டு சொன்னன். நேர்முகம் எடுத்த ஆள் சிரிச்சுப்போட்டு, மனுசனுக்குத் தொழில் தேவையில்லை எண்டுது. நீங்கள் என்னோட சேர்ந்து வாற ஆள். அவ்வளவுதான்."

அழைப்பு முடிந்தது. அண்ணை கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மனம் நொந்துவிட்டதோ என்று எனக்குக் கவலை. பனி உருகி வீதியோரம் சிறு ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

"சேர்ந்து வாற ஆள்," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் கழித்து இன்னொருதரம். திரும்பியபோது அவர் முகத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க இருந்த சுருக்கம் இல்லை. "நல்ல கற்றகரி, தம்பி. ஏன் உந்த ஆலோசகர் எங்களுக்கு இதைச் சொல்லேல்லை?"

வேலை அனுமதி முடிய, வைகாசியில் அண்ணை கொழும்புக்கு விமானம் ஏறினார். வீடு பெரிதாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியைப் பழைய இடத்துக்கு நகர்த்துவோம் என்று நாதன் ஒவ்வொரு கிழமையும் சொன்னான். இருவரும் நகர்த்தவில்லை.

அடுத்த வருடம் மூன்று பேரும் நிரந்தரவாசிகளாக வந்து இறங்கினார்கள். நானும் நாதனும் விமான நிலையத்துக்குப் போனோம். கதவு திறந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணை, எங்களைக் கண்டதும் நடுவழியில் நின்றுவிட்டார். பெட்டிகளுக்கு மேல் மகள் நித்திரை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நடவுங்கோ, சனம் நிக்குது," என்றார் அக்கா. அவர் நடக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவரையும் இலவசமாக ஏற்றாத நாதன் ஓடிப்போய் வண்டிலைப் பிடித்தான்.

பெட்டிகளையும் மூன்று பேரையும் ஏற்றியதும் நாதனின் ரக்சியில் எனக்கு இடமில்லை. நான் பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் தனியே சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.