அட்டென்ஷன் அண்ணனின் அப்பீல்

யாருக்கும் தலையாட்டாத மனிதர் என்று எத்தனையோ தலைவர்களை மேடையில் புகழக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தப் பட்டத்துக்கு இந்த உலகத்திலேயே முழுத் தகுதி உள்ளவர் ஒருவர்தான். எழுபதுகளில் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி ரோட்டோர ஊர் ஒன்றில் இருந்த அட்டென்ஷன் அண்ணன்.

பஞ்சாயத்துத் தலைவர் பேசினாலும் தலையாட்ட மாட்டார், பாட்டுக் கச்சேரியிலும் தலையாட்ட மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டபோதும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். வாயைத் திறந்து பதில் சொல்லக் கூச்சம். பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு, பாதி குடித்த காப்பியை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது.

விஷயம் வேறொன்றுமில்லை. பட்டாளத்தில் அடிபட்டுக் கழுத்தெலும்பு இரண்டு ஒட்டிப்போய்விட்டது. தலை எந்தப் பக்கமும் அசையாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் குதிகாலைத் தட்டி முழு ஆளாகத் திரும்புவார். ரோட்டைக் கடக்கும்போது முதலில் ஆளே வலது பக்கம், பிறகு ஆளே இடது பக்கம். அதற்குள் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றுவிடும். "பொறுங்க, அட்டென்ஷன் அண்ணன் இன்னும் ஒரு பக்கம் திரும்போணும்" என்று கண்டக்டர் எல்லோரையும் அமர்த்துவார்.

மேலே பார்க்க முடியாது, கீழே பார்க்க முடியாது என்பதால் அவருக்கென்று தனி உலகம் ஒன்று இருந்தது. அதில் காலடிச் சேறு கிடையாது. பனைமரங்களின் நடுப்பாகம், தூரத்து நீல மலை, எதிரே நிற்கிறவர்களின் முகம், அவ்வளவுதான். மேகம் பார்க்க ஆசை வந்தால் வாய்க்கால் கரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். ஆடி மாதத்தில் கணவாய் வழியாக வரும் காற்று பனையோலைகளை எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சீவிவிடும். வாய்க்கால் தண்ணீர் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே போகும். நானும் பல மத்தியானங்கள் பக்கத்தில் படுத்து, வேலை வெட்டியை மறந்து கிடந்திருக்கிறேன்.

"அந்த மேகத்தப் பாருங்க. கேரளாவுல ரேசன் வாங்கீட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகுது. செக்போஸ்ட்டுல ஒருத்தனும் நிறுத்த மாட்டீங்கறான்" என்பார்.

ஊர்க்காரர்களுக்கு அவர் கழுத்தில் ஒரு குண்டு தேவைப்பட்டது. டீக்கடைக்காரர் எல்லையில் நடந்த ஒரு சண்டையையே கட்டிவிட்டிருந்தார். அட்டென்ஷன் அண்ணன் அதைக் கேட்டதும் கடை முன் வந்து நின்றார். "குண்டெல்லாம் இல்லீங்க. பனியில லாரி கவுந்துச்சு. உருளக்கெழங்கு மூட்டை கழுத்து மேல உழுந்துச்சு" என்றார். டீக்கடைக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. "ஏனுங்க, ஒரு தோட்டா மூட்டைன்னாச்சும் சொல்லக்கூடாதா?" என்று கெஞ்சினார். அண்ணன் இறங்கி வரவில்லை.

நான் அந்த ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தேன். மெஷின் இரண்டு, அதில் ஒன்று ஓடாது. ஊனத்துக்கான பென்சன் கேட்டு அண்ணன் போட்ட மனுவை நான்தான் அடித்துக் கொடுத்தேன். ராணுவ டாக்டர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய டாக்டர், "எனி கம்ப்ளைண்ட்?" என்று கேட்டிருக்கிறார். பட்டாளத்தில் அதிகாரி அப்படிக் கேட்டால் ஒரே பதில்தான் உண்டு. அண்ணன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "நோ கம்ப்ளைண்ட், சாப்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டார்.

முடிவு தபாலில் வந்த அன்று நான் மெஷினுக்கு ரிப்பன் வாங்கப் பொள்ளாச்சி போயிருந்தேன். வக்கீல் குமாஸ்தா ஒருவர் டீக்கடையில் வைத்துப் படித்திருக்கிறார். கழுத்து வியாதி 'கான்ஸ்டிடியூஷனல்' என்று எழுதியிருந்தது. குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டாராம். "அண்ணா, இது சாதாரண வியாதி இல்லீங்க. அரசியல் சட்டத்துலயே இருக்கற வியாதி! டெல்லியில இருக்கற பொஸ்தகத்துல உங்க கழுத்துக்கு எடம் ஒதுக்கியிருக்கறாங்க!"

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தலை குனிய முடியாததால் டீக்கடைக்காரர் பெஞ்சு மேல் ஏறி மாலை போட்டார். நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். சந்தேகம் வந்து, ஓடிப்போய் அகராதியைப் புரட்டினேன். உடல்வாகிலேயே உள்ளது, பிறவியிலேயே வந்தது என்ற அர்த்தத்தில் எழுதித் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

"பொறவியிலயா?" என்றார் அண்ணன். மாலையைக் கழற்ற ஆள் தேவைப்பட்டது. யாருக்கும் கை வரவில்லை.

பென்சன் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தச் சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அவருடைய அம்மா குள்ளமாக, பேச்சுக் குறைந்த மனுஷி. கவர்மெண்டே பிறவிக் கோளாறு என்று எழுதிவிட்ட பிறகு அந்தம்மா யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தல நிக்கறதுக்கு முன்னாலயே இவனக் காட்டு வேலைக்குத் தூக்கீட்டுப் போனனுங்க. வரப்புல ஒருக்கா சறுக்கிச்சு. அப்பத்தான் கழுத்துக்கு என்னமோ ஆயிருக்கோணும். பட்டாளம் என்ன பண்ணும், நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து மகன் முகத்துக்கு நேரே வருவதை நிறுத்திவிட்டார். சோறு போடுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் பின்பக்கமிருந்துதான். அண்ணன் குதிகாலைத் தட்டித் திரும்பினால் அம்மா அதற்குள் மறுபடி பின்பக்கம் போயிருப்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ விளையாட்டுப் போலிருக்கும்.

"அப்பீல் போடுங்க" என்றார் அண்ணன். "பென்சன் வந்தா வருது, வராட்டிப் போகுது. என்றம்மா என்னைய நல்லாத்தான் பெத்தாங்கன்னு அவுங்க எழுதித் தரோணும்."

"எதிரி குண்டு போட்டு லாரி கவிழ்ந்ததுன்னு அடிக்கட்டுங்களா?"

"கெழங்குன்னே அடிங்க."

மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை நானும் கூடப் போனேன். ரயிலில் விடாமல் பாடம் நடத்தினேன். "கம்ப்ளைண்ட் இருக்கான்னு கேட்டா, இருக்குன்னு சொல்லோணும். எங்கே சொல்லுங்க." அண்ணன் வாயைத் திறப்பார், வார்த்தை வராது. வெளியே பச்சை வயல்களும் பனைகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் எதிரே வரும்படி திரும்பி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் பரிதாபப்பட்டு ஒரு ஆரஞ்சுப்பழம் கொடுத்தார்.

டாக்டர்கள் அறை வாசலில் அரைத்திரைதான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது.

"எனி கம்ப்ளைண்ட்?"

"நோ கம்ப்ளைண்ட், சாப்!"

போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அதற்குள் அண்ணன் பட்டாளத்து இந்தியில் படபடவென்று ஏதோ பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது ரயிலில்தான் தமிழில் சொன்னார்.

"எனக்கொண்ணும் கம்ப்ளைண்ட் இல்லீங்க, என்றம்மா மேலதான் நீங்க கம்ப்ளைண்ட் எழுதீருக்கறீங்கன்னு சொன்னனுங்க. பட்டாளத்துல சேத்தறப்ப என்ற தலையப் புடிச்சு அக்கட்ட இக்கட்டத் திருப்பி, மேல கீழ ஆட்டிப் பாத்துத்தான எடுத்தீங்க? அன்னைக்கு நல்லாயிருந்த கழுத்து எப்புடிங்க பொறவியிலயே கெட்டுப்போவும்னு கேட்டனுங்க."

பெரிய டாக்டர் சிரிக்கவில்லையாம். லாரி எங்கே கவிழ்ந்தது, எந்த ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாராம். பழைய ரிக்கார்டை வரவழைக்கச் சொன்னாராம். முதல் தடவை அதையெல்லாம் கேட்கவே இவர் விட்டிருக்கவில்லை.

மழைக்காலம் ஒன்று போய், வெயில் காய ஆரம்பித்த பிறகு பதில் வந்தது. இந்த முறை யாரையும் படிக்க விடாமல், நானே அகராதியும் கையுமாக அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா வழக்கம்போல அவர் முதுகுக்குப் பின்னால். நான் ஒரு வரியைத் தமிழில் சொன்னேன். கழுத்தின் ஊனம் ராணுவப் பணியினால் ஏற்பட்டது.

"பொறவியில இல்லீங்களா?" என்றார் அம்மா.

"இல்லீங்கம்மா. சேர்ந்தப்போ கழுத்து நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க."

"நல்லாத்தான் பெத்திருக்கறே, அம்மா" என்றார் அண்ணன், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

அந்தம்மா மெதுவாகச் சுற்றி வந்து மகன் முன்னால் உட்கார்ந்தார். அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்து, தலை நிற்காத குழந்தையை ஏந்துவதுபோல அந்த அசையாத தலையைத் தாங்கிக்கொண்டார். அட்டென்ஷன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே காற்று பனையோலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்டிட்யூட்டைத் திறக்க நேரமாகிவிட்டிருந்தது, எனக்கோ அவரை விட்டு எழுந்து போக மனசே வரவில்லை.