அறுநூறு கிராம் வித்தியாசம்

வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம், வாங்காதவர்கள் ஒரு கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் வாங்கப்போகிறவர்கள். 'பார்த்துக்கிட்டிருக்கேன்' என்பது இவர்களுடைய தாரக மந்திரம். என்ன பார்க்கிறார்கள், எப்போது பார்த்து முடிப்பார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் வந்த காரியம் அன்றோடு கெட்டது.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவரைப் பார்ப்போம். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் அட்டவணை. நாமும் அப்படியே கூப்பிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளூரப் பெருமைதான். காலை முதல் மாலை வரை ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பது அவர் தொழில். யாராவது "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று இழுத்தால் அவருக்குப் பொறுக்காது. தன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதற்குக்கூடவா ஒரு மனுஷனுக்கு இவ்வளவு யோசனை என்று மனதுக்குள் கடிந்துகொள்வார். அந்த ஆள் எழுந்து போனதும் இழுப்பறையிலிருந்து கைபேசியை எடுத்து, நீல சைக்கிளையும் கறுப்பு சைக்கிளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்.

விஷயம் இதுதான். அவருடைய மகளுக்குப் பதினான்கு வயதானபோது, அணைக்கட்டு வரை சைக்கிளில் போய் வரவேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. ஏரியை ஒட்டிய சாலை, போக வர நாற்பது கிலோமீட்டர். "நீங்களும் வரணும்ப்பா. நாம ரெண்டு பேர் மட்டும்" என்றாள். அந்த வயதுப் பிள்ளை அப்பாவைத் தானாகக் கூப்பிடுவது லேசான காரியமா? அட்டவணைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிவிடுவதாகச் சொன்னார். வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயருமாகச் சாலையில் சீறிக்கொண்டு போகுமே, அந்த வகை. அதிலும் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கென்று மலிவாக வருவது. சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று மதியமே நோட்டில் கோடு கிழித்தார்.

பதினெட்டு சைக்கிள்களில் தொடங்கிய அட்டவணை, ஆறே மாதத்தில் இரண்டுக்கு வந்து நின்றது. நின்றது நின்றதுதான். நீலத்தில் டிஸ்க் பிரேக், மழையிலும் பிடிக்கும். கறுப்பில் சாதா பிரேக், ஆனால் எடை அறுநூறு கிராம் குறைவு. மழையா, எடையா? ஊரில் வருஷத்துக்கு எத்தனை நாள் மழை என்று பத்து வருஷத்துக்குக் கணக்கெடுத்தார். மேடு ஏறும்போது அறுநூறு கிராம் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்று நான்கு நாள் மண்டையைக் குடைந்து, பதினொரு நொடி என்று கண்டுபிடித்தார். பதினொரு நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்கிறீர்களா? இன்னொரு கட்டுரையைத் திறப்பார். இந்த ஆராய்ச்சியில் உட்கார்ந்த இடத்திலேயே அவர் உடம்பில் ஆறு கிலோ ஏறியது. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

கடைக்குப் போகமாட்டாரா? சனிக்கிழமை தவறாமல் போவார். டயரை அமுக்குவார், சங்கிலியைத் தடவுவார், பிரேமைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார், கடைசியில் அடுத்த வருஷ மாடல் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். கடைக்காரர் முதல் வருஷம் நாற்காலி போட்டார். இரண்டாம் வருஷம் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் புத்தி வந்து, குழம்பி நிற்கிற வாடிக்கையாளர்களை இவரிடமே தள்ளிவிட்டார். அடுத்தவருக்கு என்றால் அட்டவணையின் வேகமே வேறு. நாலு கேள்வி, ஒரு தீர்ப்பு. இப்படி ஒரு பல் வைத்தியர், ஒரு லாரி டிரைவர், எதிர்வீட்டுக்காரரின் மாமியார் என்று ஒன்பது பேர் சைக்கிள் வாங்கிவிட்டார்கள்.

தனக்கென்றால் மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம்? வெளியே சொல்லமாட்டார், பயம். தப்பான சைக்கிளில் ஏறி, பாதி வழியில் மூச்சு வாங்கி, மகள் முன்னால் அசடு வழிய நின்றுவிடுவோமோ என்ற பயம். சரியான சைக்கிள் கிடைத்துவிட்டால் தானும் சரியான ஆளாகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார். பாவம், நல்ல அப்பாதான்.

இதற்கிடையில் மகளுக்குப் பழைய சைக்கிள் குட்டையாகிவிட்டது. ஒரு நாள் அம்மாவோடு கடைக்குப் போனாள், ஒரு சிவப்பு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள், கால் எட்டியது, வாங்கிவிட்டாள். மொத்தம் கால் மணி நேரம். அந்தச் சிவப்பு, அட்டவணையின் பதினெட்டில்கூட இல்லை. அவருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலைகளில் அவள் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் சற்று நேரம் நிற்பாள். உள்ளேயிருந்து "இன்னும் ரெண்டே வாரம்மா" என்று குரல் வரும். தனியாக நாலு தெரு சுற்றிவிட்டு வருவாள். தோழிகள் அணைக்கட்டுக்குக் கூப்பிட்டபோது மட்டும் மறுத்துவிட்டாளாம். அது அப்பாவோடு போகவேண்டிய இடம் என்றாளாம்.

ரெண்டு வாரம், ரெண்டு வாரமாக மூன்று வருஷம் ஓடியது. பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது.

"திங்கட்கிழமை கிளம்பறேன்ப்பா. நடுவுல ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கு" என்றாள்.

அட்டவணை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். வெள்ளிக்கிழமை, சைக்கிள் பிரியர்கள் கூடுகிற ஓர் இணையதளத்தில் அந்தப் பதிவு கண்ணில் பட்டது. நீலத்தையும் கறுப்பையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருந்தார் ஒரு புண்ணியவான். படிக்கப் படிக்க அட்டவணைக்குப் புல்லரித்தது. என்ன நிதானம், என்ன நேர்மை! மழைநாள் கணக்குகூட இருந்தது. இரண்டுமே நல்ல சைக்கிள்தான், ஆனாலும் அவசரப்படாமல் அடுத்த மாடல் வரும்வரை பொறுத்திருங்கள் என்று முடித்திருந்தார். சரி, பொறுத்திருப்போம் என்று அட்டவணை தீர்மானித்தார். மூன்று வருஷத்தில் அவர் எடுத்த முதல் தீர்மானம். அந்த நிம்மதியில், எழுதியவருக்கு நன்றி சொல்வோமே என்று பெயரை அழுத்தினார். தன்னுடைய படமே வந்து நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதிய இடைவேளையில் அவரே எழுதியது. கீழே நானூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

முகம் தொங்கிப்போயிற்று. சனிக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார். நீலமோ கறுப்போ, எது இருந்தாலும் கொடுங்கள் என்றார். நீலத்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். கடைசிக் கறுப்பை வியாழக்கிழமைதான் ஒரு வாத்தியார் எடுத்துப்போனாராம்.

"நீங்கதானே சார் அவருக்கு யோசிக்காம எடுக்கச் சொன்னீங்க" என்றார் கடைக்காரர்.

ஒன்பது பேரில் ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டார். ஞாயிறு காலை அத்தனை பேரும் சேர்ந்து சவாரி கிளம்புகிறார்களாம். நீங்களும் வாருங்களேன் என்று அன்பாக அழைத்தார்கள்.

ஞாயிறு காலை மகள் வழக்கம்போல வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அவரே வந்து நின்றார். கையில் சைக்கிள் இல்லை. அவள் பார்த்தாள். தனியாகக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்தரை மணிக்குத் திரும்பி வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, அவர் வருத்தப்படக்கூடாதே என்று மெல்லத்தான் சொன்னாள்.

"அணைக்கட்டு வரைக்கும் மேடே இல்லப்பா. எந்த சைக்கிளா இருந்தாலும் போயிருக்கலாம்."

சிரித்தாயிற்றா? நல்லது. நீங்கள் இந்த இனமில்லை, தெரியும். உங்கள் கைபேசியில் மூடாமல் கிடக்கிற அந்த ஏழெட்டுப் பக்கங்கள் சும்மா ஒரு தகவலுக்காகத்தான். நிதானமாகவே பாருங்கள், யாரும் உங்களை விரட்டவில்லை. அதை வாங்கிவிடுகிறேன் என்று யாரிடம் சொன்னீர்களோ, அவருக்கு இப்போது என்ன வயது என்பதை மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.